மேடம் தனாவும் எண் இல்லாத நோயாளிகளும்

செய்தி வந்தபோது நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், அலுவலகத்துக்குப் போகும் வழியில், ஒரு கடையில் தோசைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் ஃபௌசியாவின் பெயர் தெரிந்தது. கிள்ளான் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் மேடம் தனாவுக்கு அடுத்த மேசையில் பல ஆண்டுகள் இருந்தவர் ஃபௌசியா. காலை நேரத்தில் அழைக்கிறவர் அல்ல. எடுத்தபோது மூச்சு மட்டும் கேட்டது. பிறகு மலாயில் சொன்னார், காக் தனா, தனா அக்கா, போய்விட்டார் என்று.

தோசை வந்து ஆறிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இரண்டொரு முறை என்னைப் பார்த்துவிட்டு, "என்ன பாஸ், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். "தெரிஞ்சவங்க ஒருத்தர் தவறிட்டாங்க அண்ணே" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய், பால் சேர்க்காத தேநீர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

தனலெட்சுமி முனியாண்டி என்பது அவருடைய முழுப் பெயர். அவரோடு வேலை செய்த நமக்கெல்லாம் மேடம் தனா. காரியம் முடிந்த மறுநாள் அவருடைய மகன் ஹரி என்னை அழைத்து, "அம்மா வீட்டுல வேலையப் பத்திப் பேசவே மாட்டாங்க, அங்கிள். அவங்க என்ன செஞ்சாங்கன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும்" என்றார். அதற்காகத்தான், ஹரிக்கும் அவரோடு வேலை செய்த உங்களுக்குமாக இதை எழுதுகிறேன். மருத்துவமனைகளின் பெயர்களை எழுதப்போவதில்லை. உங்களுக்கு அவை தெரியும். தெரியாதவர்களுக்கு அவை தேவைப்படாது.

கோலாலம்பூரில் இருந்த எங்கள் மருத்துவமனைக் குழுமமும் கிள்ளானில் இருந்த அவர்களுடைய மருத்துவமனையும் ஒரே நிறுவனமானபோது, வெளியே தெரிந்தது பெயர்ப்பலகை மாறியது மட்டும்தான். உள்ளே இரண்டு நோயாளிப் பதிவு மென்பொருள்கள் இருந்தன. எங்களுடையது வெளிநாட்டில் வாங்கியது, புதியது. அவர்களுடையது கிள்ளானிலேயே எழுதப்பட்டது. எழுதியவர் மேடம் தனா. ஒருவர் கிள்ளானில் மருத்துவம் பார்த்துக்கொண்டு, பிறகு அம்பாங்கில் எங்கள் கிளைக்கு வந்தால், அவருடைய பழைய நோய்கள், மருந்துகள், ஒவ்வாமைகள் எல்லாம் திரையில் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு மென்பொருள்களில் ஒன்று போக வேண்டும். எது போகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கோலாலம்பூர்ப் பக்கத்துக்கு நான் பொறுப்பாளர். கிள்ளான் பக்கத்துக்கு அவர். தன் கையால் எழுதியதைத் தன் கையாலேயே மூடச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும்? முட்டுக்கட்டை போடுவார், நாள் கடத்துவார் என்று எங்கள் பக்கத்தில் பேசிக்கொண்டோம். முதல் கூட்டத்துக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையோடு வந்தார். எங்கள் அலுவலகத்துக் குளிர்சாதனம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசி வரையிலும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எங்கள் அறைகளில் உட்கார்ந்தார். எல்லோரும் தயங்கித் தயங்கிப் பேசுவதைச் சிறிது நேரம் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க சிஸ்டம் பழசு லா, குணா. அது எனக்குத் தெரியாதா? சுத்தி வளைக்காதீங்க. மூடத்தான் போறோம். உள்ள இருக்கிற ஆளுங்கள எப்படிக் கொண்டு வர்றதுன்னு மட்டும் பேசுவோம்."

பதிவுகள் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. தரவு என்றும் சொல்லமாட்டார். ஆளுங்க என்றுதான் சொல்வார். "இன்னிக்கு எத்தனை ஆளுங்க வந்தாங்க?" என்று, பதிவுகளை மாற்றிப் பார்க்கும் ஒவ்வொரு பரிசோதனை முடிந்ததும் கேட்பார். முதலில் எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு மாதத்தில் எங்கள் பக்கத்துப் பையன்களும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பதிவுகளை மாற்றும் வேலைக்கு ஒரு நிறுவனத்தை அமர்த்தியிருந்தோம். அவர்களுடைய பொறியாளர் கோகுல், கோயம்புத்தூர்க்காரர். வேலை அனுமதியில் வந்து, மனைவியோடும் கைக்குழந்தையோடும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தார். திறமைசாலி. ஆனால் நம் ஊர்ப் பெயர்கள் அவருக்குப் புதிது. நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதற்காக மலாய்ச் சுருக்கத்தில் ஏ/எல், ஏ/பி என்று எழுதுகிறோம் அல்லவா? அதைக் குடும்பப் பெயர் என்று அவருடைய கருவி எடுத்துக்கொண்டது. முதல் பரிசோதனையில் கிள்ளான் பெண்கள் எல்லோரும் ஏ/பி குடும்பத்தில் பிறந்தவர்களாகிவிட்டார்கள். மேடம் தனா திரையைப் பார்த்து வெகுநேரம் சிரித்தார்.

"கோகுல், கிள்ளான் முழுக்க ஒரே குடும்பம் ஆயிருச்சு. இனிமே எங்க ஊர்ல யாரும் யாரையும் கட்டிக்க முடியாது."

"மன்னிச்சுருங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிர்றேனுங்க" என்றார் கோகுல், காது சிவக்க.

அந்த 'ங்க' மேடம் தனாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கோகுல் பேசுவதைக் கேட்பதற்காகவே அவரிடம் ஏதாவது கேட்பார். மதிய உணவுக்கு அவரையும் இழுத்துக்கொண்டு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போவார். கோகுலின் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்வார்.

சிக்கல் மூன்றாவது பரிசோதனையில் வந்தது. எங்கள் மென்பொருளில் ஒரு நோயாளியைச் சேர்க்க அடையாள அட்டை எண் வேண்டும். வெளிநாட்டவர் என்றால் கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட் எண். இரண்டும் இல்லாதவரை அது உள்ளே விடாது. கிள்ளான் மருத்துவமனையோ தோட்டத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கப்பட்டது. தோட்டங்கள் போய்விட்டன, மக்கள் கம்போங் மேடானிலும் கிள்ளானைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் அடையாள அட்டை இல்லாதவர்களும் உண்டு. அப்பா அம்மா திருமணத்தைப் பதியவில்லை, பிறப்பைப் பதியவில்லை, பிறப்புப் பத்திரம் தீயில் போய்விட்டது என்று ஆளுக்கு ஒரு காரணம். இங்கேயே பிறந்து, இங்கேயே வேலை செய்து, எந்தக் கணக்கிலும் வராதவர்கள். மேடம் தனாவின் மென்பொருள் அவர்களிடம் எண் கேட்டதில்லை. மருத்துவமனையே ஓர் எண்ணைக் கொடுத்து ஓர் அட்டையும் கொடுத்தது. எங்கள் மென்பொருள் அவர்களை ஒருவர் விடாமல் வெளியே தள்ளியிருந்தது.

கோகுல் அதைப் பிழையாகப் பார்க்கவில்லை. அவர் பார்வையில் அது கருவி சரியாக வேலை செய்ததன் அடையாளம். "இவங்கள மட்டும் தனியா எடுத்து வச்சுக்கலாமுங்க. தேவைப்பட்டா அப்புறம் பார்த்துக்கலாம். மொத்தத்துல கொஞ்சம் பேர்தானுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. திட்டமிட்ட நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மேடம் தனா வாதாடவில்லை. "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் கிள்ளானுக்கு வாங்க. பதிவு கவுன்டர்ல உக்காந்து பார்க்கலாம்" என்றார்.

நானும் கோகுலும் கொமுட்டர் எனும் புறநகர் ரயிலில் போனோம். பதிவுக் கூடத்தில் கவுன்டருக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டிருந்தார். கவுன்டரில் இருந்தவர் நோர்மா என்ற மலாய்ப் பெண்மணி. வந்தவர்களிடம் "அங்கிள், சாப்பிட்டு வந்தீங்களா, சும்மா வந்தீங்களா?" என்று தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார், ரத்தப் பரிசோதனைக்குத்தான் அந்தக் கேள்வி.

சிறிது நேரத்தில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் வந்தார். கையுறைத் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். நோர்மா வழக்கம்போல ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டார்.

"ஐசி இல்லக்கா. கார்டு இருக்கு" என்று கைப்பையைத் திறந்து மருத்துவமனை அட்டையை எடுத்தார். முனைகள் மழுங்கிப்போன அட்டை. அதை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். நோர்மா வாங்கிப் பார்த்து, எண்ணைத் தட்டி, "தைராய்டு டாக்டர்தானே? உக்காருங்க, கூப்பிடுறேன்" என்றார்.

அந்தப் பெண் அட்டையைத் திரும்ப வாங்கி, உறைக்குள் போட்டு, பையின் உள் அறையில் வைத்தார். கோகுல் மெதுவாக எழுந்து அவரிடம் போய், "அக்கா, இதை ஏனுங்க இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். அவர் கோகுலை ஏற இறங்கப் பார்த்தார். பேச்சை வைத்தே வெளியூர் என்று தெரிந்திருக்கும்.

"என் பேரு போட்ட கார்டு என்கிட்ட இது ஒண்ணுதான் தம்பி" என்றார். அவ்வளவுதான். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்க்கத் தொடங்கினார்.

திரும்பும்போது மேடம் தனாவும் எங்களோடு ரயிலில் வந்தார். ரயில் ஷா ஆலம் தாண்டியது. பிறகு அவராகவே, வெளியே பார்த்தபடி சொன்னார். "எங்கம்மாவுக்குச் சாகுற வரைக்கும் சிவப்பு ஐசிதான். நிரந்தரவாசி, குடிமகள் இல்ல. அதாச்சும் இருந்துச்சு. என் பெரியம்மாவுக்கு அதுவும் இல்ல. கிள்ளான்ல நான் வேலைக்குச் சேர்ந்தப்ப அவங்க அங்க நோயாளி. நாடு ஒரு நம்பர் குடுக்கல, சரி. அது நம்ம கையில இல்ல. நாம குடுத்த நம்பரையும் நாமளே புடுங்கிக்கணுமா?"

கோகுல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோலாலம்பூர் நெருங்கியபோது, "அந்த கார்டு நம்பரையே அடையாளமா ஏத்துக்க வைக்கலாமுங்க மேடம். ஆனா ஆய்வகம், மருந்தகம், பில்லிங், எல்லாத்துலயும் கை வைக்கணும். நாள் ஆகுமுங்க" என்றார்.

"எவ்ளோ நாளு?"

"எங்க பாஸ் என்னைக் கொன்னுருவாருங்க. அவ்வளவு நாளு."

அன்று முதன்முறையாக மேடம் தனா சிரித்தார்.

நாள்தான் எங்களிடம் இல்லை. இணைப்பு முடிந்துவிட்டது என்று பங்குதாரர்களுக்கு அறிவிக்கும் நாளைக் குழுமம் முன்பே குறித்திருந்தது. அதற்கு முன் இரண்டு பக்கப் பொறுப்பாளர்களும் தயார் என்று கையெழுத்திட வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் தண்டவாளங்கள் தெரியும் அந்தப் பெரிய அறையில் கூட்டம் நடந்தது. உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். டத்தோ என்ற பட்டத்தாலேயே நாங்கள் அழைக்கும் தலைமை அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. அவர் கூச்சலிட்டதும் இல்லை. அந்தப் பதிவுகளைத் தனியே பத்திரமாக வைத்துவிட்டு, பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. எனக்கு அது தமிழிலேயே ஞாபகம் இருக்கிறது.

"பிறகுன்னு ஒரு தேதி காலண்டர்ல இல்ல, டத்தோ" என்றார் மேடம் தனா. "நாளைக்குக் காலையில வர்ற பேஷண்டுக்கு, நீங்க யாரு, புதுசா வந்திருக்கீங்களான்னு கேட்போம். இன்சுலின் போடுறவங்க இருக்காங்க. வலிப்பு மருந்து சாப்பிடுறவங்க இருக்காங்க. அவங்க வாயால சொல்லித்தான் நமக்குத் தெரியணும்னா, மயக்கமா வந்தா என்ன செய்வோம்?"

இணைந்த குழுமத்தின் கணினித் துறைக்குத் தலைவர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை, மேடத்தின் பெயரும் அதில் இருக்கிறது, அதை அவர் நினைவில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறாரா என்று டத்தோ நிதானமாகக் கேட்டார். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

"ஞாபகம் இருக்கு" என்றார் அவர். "அந்த வேலை எனக்கு வேணும். ரொம்ப ஆசை. ஆனா இதுல கையெழுத்துப் போட மாட்டேன்."

கம்பளிச் சட்டையின் கைகளை முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆசை இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் சொல்லியிருப்போம். பிறகு டத்தோ என்னைக் கேட்டார். கோலாலம்பூர்ப் பக்கம் தயார், ஆனால் இரண்டும் சேர்ந்த ஒன்று தயாராக இல்லை என்று சொன்னேன். உண்மை அதுதான். அதைச் சொல்வதற்கு எனக்குப் பெரிய துணிவு தேவைப்படவில்லை. வழியை அவர் திறந்து வைத்திருந்தார்.

அறிவிப்பு நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என்று தள்ளிப்போனது. கோகுலின் முதலாளி அவரைக் கொல்லவில்லை. இரண்டு பேரைக் கூடுதலாக அனுப்பினார். அந்த வாரங்களில் மேடம் தனாவின் கோபத்தையும் பார்த்தோம். அதைச் சொல்லாமல் விட்டால் அவரே ஒப்புக்கொள்ளமாட்டார். ஒரு பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விடமாட்டார். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எல்லாம் கிட்டத்தட்ட சரி மேடம்" என்று சொன்னபோது, "கிட்டத்தட்டன்னா உங்கப்பா பேரை மாத்தி எழுதுறேன், ஒத்துக்கிறியா?" என்று கத்திவிட்டார். அந்தப் பெண் அழுதாள். மறுநாள் காலை அவள் மேசையில் ஒரு பொட்டலம் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, இருந்தது. மன்னிப்புக் கேட்கும் சொற்கள் அவர் வாயில் எளிதில் வராது. பொட்டலமாக வரும்.

துறைத் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து ஒருவரை அமர்த்தினார்கள். அதோடு கிள்ளான் கணினிப் பிரிவில் பாதிப் பேர் போதும் என்ற உத்தரவும் வந்தது. விருப்ப விலகல் திட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார்கள். முதலில் பெயர் கொடுத்தவர் அவர்தான். ஒரு நிபந்தனை வைத்தார்: தன் ஓர் இடத்துக்குப் பதிலாக ஃபௌசியாவும் இன்னொருவரும் வேலையில் இருக்க வேண்டும். மனிதவளத் துறை அதை ஒப்புக்கொண்டது.

எனக்கு அது பொறுக்கவில்லை. அன்று மதியம் வாழையிலைக் கடையில் அவரிடம் கேட்டேன். "இது நியாயமா மேடம்? நீங்க சொன்னது சரின்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப நீங்களே போறேன்னா என்ன அர்த்தம்?"

"சரின்னு சொன்னா வேலை குடுக்கணும்னு எங்க எழுதியிருக்கு?" என்று ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தார். "என் வீட்டுக் கடன் முடிஞ்சிருச்சு. ஹரி வேலைக்குப் போறான். ஃபௌசியாவுக்குப் பிள்ளைங்க ரெண்டும் இன்னும் ஸ்கூல்ல."

"கோபமே இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு குணா. இல்லாம என்ன? ராத்திரியில டத்தோகிட்ட மனசுக்குள்ளயே சண்டை போடுறேன். நல்லா இங்கிலீஷ்ல." பிறகு இலையை மடித்தார். "ஆனா பாதியில விட்டுட்டுப் போக மாட்டேன். ஆளுங்க எல்லாம் வந்து சேரட்டும். அப்புறம் போறேன்."

அப்படியே செய்தார். மாற்றும் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் அவருடைய பழைய கணினி அறையில் நாங்கள் கூடியிருந்தோம். காலையிலிருந்து பதிவுகள் போய்க்கொண்டிருந்தன. மதியம், எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது என்று கோகுல் சொன்னார். அட்டை எண் மட்டும் உள்ளவர்களையும் நோர்மாவின் கவுன்டரிலிருந்து ஒருவர் ஒருவராகத் தேடிப் பார்த்தோம். இருந்தார்கள். இனிப் பழைய மென்பொருளை நிறுத்த வேண்டியதுதான். அதை யார் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கட்டளையைத் தட்டினார். இயந்திரத்தின் இரைச்சல் மெல்ல மெல்ல அடங்கியது. அந்த அறையில் அப்படி ஒரு அமைதியை அவர்கள் யாருமே கேட்டதில்லை என்று ஃபௌசியா பிறகு சொன்னார்.

மேடம் தனா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஹரி பொறந்த வருஷம் ஆரம்பிச்சேன்" என்றார். ஃபௌசியா அவர் தோளில் கை வைத்தார். கோகுல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சற்றுக் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மேசையில் இருந்த ரொட்டி சானாய் எல்லாம் ஆறிப்போய்விட்டது என்று எங்களைத் திட்டத் தொடங்கினார்.

அவர் வேலையை விட்டுப் போன பிறகு ஒரு நாள் அம்பாங் கிளையின் அவசரப் பிரிவிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. லோரியிலிருந்து விழுந்த ஒருவரை உடன் வேலை செய்பவர்கள் தூக்கி வந்திருக்கிறார்கள். நினைவில்லை, தலையில் அடி. சட்டைப் பையில் கிள்ளான் அட்டை மட்டும் இருந்திருக்கிறது. மருத்துவர் அந்த எண்ணைத் தட்டியதும் எல்லாம் வந்தது. இதய வால்வு அறுவை செய்தவர், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர். அது தெரியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த மருத்துவர் எனக்கு விளக்கவில்லை. "இந்த நம்பர் எப்படி நம்ம சிஸ்டத்துல இருக்கு? யாரு செஞ்சது? நன்றி சொல்லணும்" என்று மட்டும் கேட்டார்.

உடனே மேடம் தனாவை அழைத்தேன். அப்போது அவர் கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் உறவினரின் இரும்புச் சாமான் கடையில் சரக்குக் கணக்கைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ ஆணி கேட்கும் சத்தம். நான் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆளு எப்படி இருக்காரு?"

"பிழைச்சுக்குவாருன்னு சொல்றாங்க."

"பேரு சரியா இருக்கா? பெருமாளா, பெருமாள்சாமியா?"

"பெருமாள்சாமி. சரியாத்தான் இருக்கு."

"சரி." பின்னால் மறுபடியும் யாரோ ஆணி கேட்டார்கள். "குணா, நான் அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார். அன்று அவர் திரும்ப அழைக்கவில்லை. மருத்துவரின் நன்றியை நான் எழுத்தில்தான் அனுப்பினேன். அதற்கு ஒரு கும்பிடும் கைப் படம் மட்டும் பதிலாக வந்தது.

மேடம் தனாவுக்கு நோய் இருப்பது தெரிந்தபோது அது முற்றியிருந்தது. வயிற்று வலி என்று கடைசி வரை மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனையோ பேரின் மருத்துவக் கதைகளைக் காலமெல்லாம் காத்தவர், தன்னுடையதைத் தள்ளிப்போட்டுவிட்டார். கிள்ளான் மருத்துவமனையில் சேர்க்கப் போனபோது நானும் ஹரியும் கூட இருந்தோம். நோர்மா ஓய்வு பெற்றுவிட்டார். கவுன்டரில் புதிய பெண். மேடத்தை அவளுக்குத் தெரியவில்லை.

"ஆன்டி, இதுக்கு முன்னாடி நம்ம ஹாஸ்பிட்டலுக்கு வந்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். மேடம் தனா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "வந்திருக்கேன்மா" என்றார். பெண் அடையாள எண்ணைத் தட்டினாள். அவருடைய பெயர், ஹரியின் பிரசவம், பழைய ரத்த அழுத்தம் எல்லாம் திரையில் வந்தன. "ஆமா ஆன்டி, இருக்கீங்க" என்றாள். அவர் தலையசைத்தார். சக்கர நாற்காலியில் போகும்போது என்னிடம், "சுறுசுறுப்பான பொண்ணு லா. யாரு ட்ரெயின் பண்ணது?" என்றார்.

கடைசியாக நான் பார்த்தபோது அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டிருந்தது. ஊருக்கே திரும்பிவிட்ட கோகுல் கோயம்புத்தூரிலிருந்து காணொளியில் அழைத்திருந்தார். அவருடைய மகள் இப்போது நடக்கிறாள். திரைக்கு முன்னால் ஓடிக்கொண்டே இருந்தாள். "மேடம், சாப்பிட்டீங்களா? தெம்பா இருக்கோணுமுங்க" என்றார் கோகுல். மேடம் தனா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். கோகுலால் சொல்ல முடியவில்லை. அவர் மனைவி கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

இறுதி ஊர்வலத்தன்று மழை. பந்தலுக்குக் கீழே நம் ஆட்கள் நெருக்கியடித்து நின்றோம். நோர்மா வந்திருந்தார். ஃபௌசியா, ஹரியின் பக்கத்திலேயே நின்றார். டத்தோவும் வந்தார். ஓரமாகக் குடையைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றுவிட்டு, என்னிடம் வந்து, அன்று அவர் சொன்னது சரிதான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவரிடமே சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, வந்தாரே, அதுவும் ஒன்று என்று நினைத்தேன்.

அவரிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஹரி கேட்டால் சொல்ல வேண்டும். அவருடைய துணிவு என்னிடம் இல்லை. அவருடைய கோபமும் இல்லை. பெயர்களுக்கு அவர் கொடுத்த மதிப்பில் பாதி இருக்கலாம். ஆனால் இப்போதும் எங்கள் கூட்டங்களில் யாராவது ஒருவர், வேலை முடிந்துவிட்டது, மீதி கொஞ்சம் பேர்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்ப்பார். அப்போது என் கை தானாக மேலே போகிறது. அந்தக் கொஞ்சம் பேர் யார் என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை கையை இறக்காமல் இருக்கிறேன். நான் முன்பு அப்படிக் கேட்கிறவன் அல்ல. அந்தக் கை யாருடையது என்று உங்களுக்குத் தெரியும்.